மரியாதை தெரிந்த மாடுகள்

1

யாழ்ப்பாணத்தில் என்னோடு படித்த சுகந்தி போன கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். தனியாகக் கேட்டிருந்தாலும் பரவாயில்லை. எங்கள் வகுப்புக் குழுவில் முப்பத்தொரு பேர் பார்த்துக்கொண்டிருக்கக் கேட்டாள்.

"உன்ர மகள் போட்ட வீடியோ பாத்தனான். நீ என்னடி, கன்னியாஸ்திரிமாற்ற மடத்தில மாடோ பாக்கிறாய்? அதுவும் மாட்டைப் பாத்து வாங்கோ வாங்கோ எண்டு கூப்பிடுறாய். ஜெர்மனியில மாட்டுக்கும் மரியாதையோ?"

அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. கனடாவில் இருக்கிற ஒருத்தி, தன்னுடைய மருமகள் தனக்கே வாங்கோ சொல்வதில்லை என்று எழுதியிருந்தாள். நான் கைத்தொலைபேசியில் பதில் எழுத வெளிக்கிட்டேன். ஆத்திரத்தில் எழுத்தெல்லாம் பிழைத்தது. ஆகவே கடுதாசியை எடுத்து வைத்து ஆறுதலாக எழுதுகிறேன். ஊரில் இருக்கிற மற்றவர்களும் வாசிக்கட்டும்.

முதலில் ஒரு திருத்தம். மாடு பார்க்கிறேன் என்பது உண்மை. ஆனால் ஊரில் மாடு வளர்த்த பழக்கத்தில்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று இங்கே இருக்கிற ஜெர்மன்காரர் நினைப்பதைப் போல நீங்களும் நினைக்க வேண்டாம். சுகந்திக்கு எங்கள் வீடு தெரியும். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு குசினியும். பால் என்றால் எங்களுக்குப் பால்மா. எனக்குத் தெரிந்த ஒரே பசு அந்தப் பால்மா டின்னில் ஒட்டியிருந்த படம். மாடு என்றால் முன்பக்கம் முட்டும், பின்பக்கம் உதைக்கும் என்ற அளவில்தான் என் அறிவு இருந்தது. இப்போதும் அது பிழையான அறிவு என்று சொல்ல மாட்டேன்.

2

மடம் மியூனிக்கில் இருந்து ரயிலில் ஒன்றரை மணித்தியாலம், இறங்கிப் பஸ்ஸில் இருபது நிமிஷம். அகதி விண்ணப்பம் போட்டபோது எங்களை அந்தக் கிராமத்தில் ஒரு பழைய விடுதியில் கொண்டுபோய் இருத்தினார்கள். நானும் என் மனுசனும் கைக்குழந்தையுமாக ஓர் அறை. செவ்வாய்க்கிழமைகளில் மடத்திலிருந்து ஒரு கன்னியாஸ்திரி வந்து எங்களுக்கு ஜெர்மன் சொல்லித்தந்தார். பெயர் நோட்பூர்கா. இங்கே கன்னியாஸ்திரியை ஷ்வெஸ்டர் என்பார்கள், சகோதரி என்று பொருள். ஷ்வெஸ்டர் நோட்பூர்காவின் கையைப் பார்த்தால் படிப்பிக்கிற கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மண்வெட்டிப் பிடி பிடித்த கை. பாடம் நடத்தும்போது அவருடைய சப்பாத்தில் வைக்கோல் ஒட்டியிருக்கும்.

நான் சிறுவயதில் கொன்வென்ட்டில் படித்தவள். அந்த உடுப்பைக் கண்டால் எழும்பி நிற்கிற பழக்கம் இரத்தத்தில் இருக்கிறது. அவர் வகுப்புக்குள் வரும்போதெல்லாம் எழும்பி நின்றேன். மூன்றாம் கிழமை அவர், தயவுசெய்து இருங்கள், எனக்கு இடுப்பு நோகிறது, நீங்கள் நிற்பதைப் பார்க்க இன்னும் நோகிறது என்றார். அவருடைய இடுப்பு அப்போதே அப்படித்தான்.

பாடத்தில் முதல் நாளே ஒரு கரைச்சல். ஜெர்மனில் மரியாதைச் சொல் 'ஸீ'. நம்முடைய காதுக்கு அது 'சீ' என்றுதான் விழும். அலுவலகத்தில் அதிகாரி என்னைப் பார்த்து, சீ எங்கே இருக்கிறீங்கள், சீ எப்போது வந்தீங்கள் என்று கேட்பது போலவே இருந்தது. நாயைத் துரத்துகிற சொல்லை மரியாதைக்கு வைத்திருக்கிறார்களே என்று மனுசனிடம் சொல்லிக் குறைப்பட்டேன்.

வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் ஷ்வெஸ்டர் என்னை மடத்து மேய்ச்சல் நிலத்தில் இருந்த மாட்டுக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்போது என்னிடம் கடவுச்சீட்டு இல்லை. டுல்டுங் என்று ஒரு தாள்தான். உன்னைத் திருப்பி அனுப்பாமல் பொறுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அதற்கு அர்த்தம். அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்ட வேண்டும். கொட்டிலில் ஒரு கன்று அந்தக் கிழமைதான் பிறந்திருந்தது. இரண்டு காதிலும் மஞ்சள் அட்டை. தபாலில் வந்த ஒரு தாளை ஷ்வெஸ்டர் என்னிடம் காட்டினார். கன்றின் பெயர், பிறந்த திகதி, தாயின் இலக்கம். என்ன இது என்று கேட்டேன்.

"பாஸ்," என்றார். "மாட்டுப் பாஸ்."

பிறந்து ஒரு கிழமையில் பாஸ். நான் அந்தக் கன்றைப் பார்த்தேன், கன்று என்னைப் பார்த்தது. அதன் பெயர் ஒல்கா இல்லை. ஒல்கா அதனுடைய பேத்தி, இந்தக் கதையில் பிறகு வருவாள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பை ஷ்வெஸ்டருக்கு விளங்கப்படுத்த எனக்கு அப்போது ஜெர்மன் போதவில்லை. பிறகு விளங்கப்படுத்தினேன். அவர் சிரிக்கவில்லை.

பின்னேரம் மாடுகளை வெளியில் இருந்து உள்ளே எடுக்க வேண்டும். ஷ்வெஸ்டர் மறுபக்கம் போய்விட்டார். படலையடியில் நான் தனியே. அலுமாரி அளவில் பதினான்கு உருப்படிகள் என்னைப் பார்த்து வருகின்றன. ஒதுங்கி நின்று, கையைக் கட்டிக்கொண்டு, கொன்வென்ட்டில் மதரைக் கண்டால் எப்படி நிற்பேனோ அப்படி நின்று சொன்னேன்: "வாங்கோ... வாங்கோ... இஞ்சால வாங்கோ."

மாடுகள் உள்ளே போயின. ஷ்வெஸ்டர் ஓடி வந்து, உங்கள் நாட்டில் மாட்டை இப்படியா கூப்பிடுவீர்கள், என்ன அழகான சொல் என்றார். ஓம் என்றேன். அதைத் தவிர வேறென்ன சொல்ல எனக்குத் தெரியும்? அடுத்த நாள் காலை அவரே படலையில் நின்று, "வங்கோ, வங்கோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அது பெரியவர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் சொல்கிற சொல் என்று விளங்கப்படுத்துகிற அளவுக்கு எனக்கு ஜெர்மன் வர ஒரு வருஷம் பிடித்தது. அதற்குள் மாடுகள் பழகிவிட்டன. அவற்றின் பிள்ளைகளும் அதையே கேட்டு வளர்ந்தன. இந்த நவம்பரோடு இருபத்திரண்டு வருஷம்.

3

நம்முடைய ஆட்கள் குழந்தைகளோடு கதைப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு வயதுப் பிள்ளைக்கும் வாங்கோ, இருங்கோ, சாப்பிடுங்கோதான். நாங்கள் சொன்னால்தான் பிள்ளை திருப்பிச் சொல்லும். என் மகள் மதுராவுக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்தேன். நான்கு வயதில் கிண்டர்கார்டனுக்குப் போனாள். அங்கே எல்லாருக்கும் 'டூ', அதாவது நீ. ஆசிரியைக்கு டூ, அம்மாவுக்கு டூ, பொம்மைக்கு டூ. இரண்டு மாதத்தில் வீட்டுக்கு வந்து, "அம்மா, நீ இஞ்ச வா" என்றாள். நான் அதட்டினேன். அவளுக்கு ஏன் என்று விளங்கவில்லை. இப்போது இருபத்தாறு வயது, மியூனிக்கில் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி வைத்தியம் செய்கிறாள். இன்றைக்கும் எனக்கு நீதான்.

ஷ்வெஸ்டரிடம் ஒருமுறை இதைச் சொல்லி அழுதேன். அவர் கறவை இயந்திரத்தைக் கழுவிக்கொண்டே, நாங்கள் கடவுளுக்கும் டூதான் சொல்கிறோம் ஃபிரவ் தவராஜா, அவர் இன்னும் கோபிக்கவில்லை என்றார். அவரும் நானும் மட்டும் இன்றுவரை ஒருவருக்கொருவர் மரியாதைதான். அவர் எனக்கு ஃபிரவ் தவராஜா, அதாவது திருமதி தவராஜா, நான் அவருக்கு ஷ்வெஸ்டர்.

மதுரா சின்ன வயதில் பஸ் தரிப்பில் என் கையை இழுத்து, "அம்மா, டொய்ச்ல கதை, ஆக்கள் பாக்கினம்" என்பாள். டொய்ச் என்றால் ஜெர்மன். இப்போது வேறு பிரச்சினை. மூன்று வருஷமாக அவள் பால் குடிப்பதில்லை. தயிர் இல்லை, நெய் இல்லை, முட்டையும் இல்லை. மாட்டின் பால் கன்றுக்கு உரியதாம். கோவிலுக்குப் போனால் அபிஷேகத்தைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறாள். வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் சாப்பிடாத நானே அவளுக்கு முன்னால் பாவி. மாட்டுக் கொட்டிலில் வேலை செய்து படிக்க வைத்த பிள்ளை, மாட்டுக் கொட்டில் கூடாது என்கிறது. கோபப்படவும் ஏலாது. அவளுக்கு மாடுகளில் என்னைவிட இரக்கம்.

4

இங்கே நவம்பர் பிறந்தால் புல் வளர்வது நின்றுவிடும், தரை இறுகிப்போகும். நவம்பர் பதினொன்றில் வருகிற புனித மார்ட்டின் திருநாளுக்கு முன்னால் மாடுகளை மேய்ச்சல் நிலத்திலிருந்து குளிர்காலக் கொட்டிலுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஏப்ரல் மாதக் கடைசியில்தான் அவை மறுபடி வெயிலைப் பார்க்கும். எங்கள் கோடை மேய்ச்சல் நிலம் மடத்திலிருந்து மூன்று கிலோமீற்றர். அங்கேயே ஒரு சின்னக் கொட்டிலில் வைத்துக் கறப்போம். நடுவில் ஒரு பெருந்தெரு. ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு நாள், அரை மணித்தியாலம், அந்தத் தெருவை மறித்து மாடுகளைக் கடத்த வேண்டும். ஷ்வெஸ்டர் முன்னால் நடப்பார், மாடுகள் அவருக்குப் பின்னால், நான் எல்லாவற்றுக்கும் பின்னால் தடியோடு. நான் ஒருநாளும் முன்னால் நடந்தவளில்லை.

இந்த ஆகஸ்டில் ஷ்வெஸ்டருக்கு இடுப்பு எலும்பு மாற்றினார்கள். காயம் ஆறச் சுணங்கியது. எழுபத்தெட்டு வயது. மடத்தின் மேல்மாடியில் நோயாளிகளுக்கான அறையில் படுத்திருந்தார். கறவை முழுக்க என் தலையில் வந்தது.

ஒக்டோபரில் மதர் என்னைக் கூப்பிட்டார். மடத்துக்குத் தலைவி, பேச்சைச் சுருக்கிப் பேசுகிறவர். நான் வந்த காலத்தில் முப்பத்துநான்கு கன்னியாஸ்திரிகள் இருந்தார்கள், இப்போது பதினொரு பேர். பக்கத்துப் பண்ணைக்காரர் ஹூபர் மாடுகளை எடுக்கத் தயார் என்றார் மதர். அவரிடம் பெரிய கொட்டில், இயந்திரமே கறக்கிறது. பதினொரு மாடுகளை எடுப்பார்.

"மிச்சம் ஆறு?" என்று கேட்டேன்.

"வயது போனவை," என்றார் மதர். அந்த ஆறும் எங்கே போகும் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஒல்காவுக்குப் பதினான்கு வயது. பட்டியில் முன்னால் நடக்கிற மாடு அவள்தான். நான் அவளைப் பிறந்த அன்று வைக்கோலால் துடைத்தேன்.

மதர் மேசையில் இருந்த கடுதாசிகளை அடுக்கிக்கொண்டு தொடர்ந்தார். மார்ட்டின் நாளுக்கு முந்திய சனிக்கிழமை. அன்று மாடுகள் ஒழுங்காக எங்கள் கொட்டிலுக்குள் வந்தால் இங்கேயே இருக்கட்டும். தெருவில் ஏதும் குழப்பம் வந்தால், கொண்டுவர ஏலாமல் போனால், திங்கட்கிழமை ஹூபருடைய லொறி வரும். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். கொட்டிலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

தெருவை மறிக்க விண்ணப்பம் போட வேண்டும். ஒவ்வொரு வருஷமும் ஷ்வெஸ்டர் எழுதுவார். இந்த முறை நான் எழுதினேன். மகளைக் கேட்கவில்லை, இத்தனை வருஷம் இங்கே இருந்துவிட்டு ஒரு விண்ணப்பம் எழுதத் தெரியாதோ என்று வீம்பு. மூன்றாம் நாள் ஓர் அலுவலர் தொலைபேசி எடுத்தார். தன்மையான மனிசன்.

"ஃபிரவ் தவராஜா, நீங்கள் பெருந்தெருவில் மாடு விற்கப் போகிறீர்களா?"

"இல்லை. மாட்டை நடத்திக் கூட்டிக்கொண்டு போகப் போகிறோம்."

"இங்கே விற்பனை என்று எழுதியிருக்கிறீர்கள். தெருவில் விற்பதென்றால் வியாபார அனுமதி வேண்டும்."

மாட்டை ஓட்டிச் செல்வது 'ஃபீட்ரீப்'. விற்பனை 'ஃபெர்ட்ரீப்'. நான் இரண்டையும் சேர்த்து மாட்டு விற்பனை என்று வருகிற மாதிரி ஒரு நீளச் சொல்லைக் கட்டியிருந்தேன். விற்காமல் காப்பாற்றத்தான் இந்தப் பாடு, அதில் நானே விற்பனை என்று கையெழுத்து வைத்து அனுப்பியிருக்கிறேன். அவர் திருத்தி எழுதிக்கொண்டார். பொறுப்பான ஆள் யார் என்று கேட்டார். நான் என்றேன். விவசாயத்தில் ஔஸ்பில்டுங் செய்திருக்கிறீர்களா, தொழிற்பயிற்சிப் பத்திரம் ஏதும் உண்டா என்று கேட்டார். அலுவலகத்து ஜெர்மன் பேசும்போது இன்றைக்கும் எனக்குப் பயம். பத்திரம் இல்லை, இருபத்திரண்டு வருஷம் கறந்திருக்கிறேன் என்றேன். அவர், அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை, பெயரை மட்டும் போடுகிறேன் என்றார்.

5

ஆள் காணாது என்று மகளைக் கேட்டேன். வராமல் விடுவாள் என்றுதான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரமே வந்துவிட்டாள், ஓட்ஸில் செய்த பாலையும் கொண்டு. நாங்கள் இருவரும் கொட்டிலைக் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது காய்ந்ததா என்று பார்த்து, வைக்கோல் பரப்பினோம். மாடு மூக்கால் அமத்தினால் தண்ணீர் வருகிற சட்டிகளை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தாள். பதினேழும் வேலை செய்தன. ஒவ்வொரு இடத்துக்கும் மேலே மாட்டின் பெயர் சோக்கட்டியால் எழுதியிருக்கும். மழையில் நனைந்த மாதிரி மங்கிப்போயிருந்ததை அவள் திரும்ப எழுதினாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தெரு மறிபடும். ஒன்பதரைக்கு நான் மேய்ச்சல் நிலத்துப் படலையில் நிற்கிறேன். புல்லின் மேல் வெள்ளையாய் உறைபனி. தீயணைப்புத் தொண்டர்கள் நான்கு பேர் செம்மஞ்சள் உடுப்பில் தெருக்கரையில். ஹூபர் தன்னுடைய ஜீப்பில் சாய்ந்துகொண்டு நின்றார். கெட்ட மனிசன் இல்லை, ஒருமுறை கன்று குறுக்கே மாட்டியபோது இரவில் எழும்பி வந்து இழுத்துத் தந்தவர். ஆனாலும் அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. மதர் கறுப்புக் குடையைக் கைத்தடியாக ஊன்றிக்கொண்டு தெருவுக்கு மறுபக்கம் நின்றார். மடத்துத் தோட்டக்காரர் இடப்பக்கம். மதுரா எல்லாவற்றுக்கும் பின்னால், நான் வழக்கமாக நிற்கிற இடத்தில், என் தடியோடு.

ஒல்காவின் கழுத்தில் பெரிய மணியைக் கட்டினேன். பையில் இருந்த திருநீற்றில் கொஞ்சம் எடுத்து அவளுடைய நெற்றியில் பூசினேன். மதர் பார்த்திருப்பார், பார்க்கட்டும்.

படலையைத் திறந்தேன். முன்னால் பத்து அடி நடந்து திரும்பினேன். இத்தனை பேர் பார்க்கிறார்கள். விண்ணப்பத்தில் பொறுப்பான ஆள் என்று என் பெயர். தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, திருத்தமாகக் கூப்பிட்டேன்.

"கொம்ட்! கொம்ட்!"

ஜெர்மனில் வாருங்கள் என்று அர்த்தம். உச்சரிப்பில் ஒரு பிழையும் இல்லை.

ஒரு மாடும் அசையவில்லை. ஒல்கா காதை ஒருமுறை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டினாள். திரும்பவும் கூப்பிட்டேன், கொஞ்சம் உரத்து. பின்னால் நின்ற இரண்டு கன்னிப் பசுக்கள் திரும்பி வந்த வழியே போகப் பார்த்தன. தோட்டக்காரர் கையை விரித்து மறித்தார். ஹூபர் ஜீப்பை விட்டு நிமிர்ந்து நின்றார். தெருவில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மூன்றாம் முறை கூப்பிட்டபோது என்னுடைய குரல் எனக்கே யாரோ அலுவலகத்தில் கதைக்கிற மாதிரி இருந்தது.

பட்டிக்குப் பின்னால் இருந்து மகள் சத்தம் போட்டாள், தமிழில்.

"அம்மா! நீ ஏன் டொய்ச்ல கூப்பிடுறாய்? அதுகளுக்கு டொய்ச் விளங்காது."

பஸ் தரிப்பில் என் கையை இழுத்த பிள்ளை. ஆகஸ்டிலிருந்து ஒவ்வொரு நாளும் இரண்டு நேரமும் இந்த மாடுகளை நான்தான் கூப்பிடுகிறேன், ஒருநாளும் ஜெர்மனில் கூப்பிட்டதில்லை. இன்றைக்கு நாலு பேர் பார்க்கிறார்கள் என்றதும் மாட்டுக்கு முன்னாலும் நல்ல ஜெர்மன்காரியாக நிற்க வெளிக்கிட்டேன்.

"வாங்கோ," என்றேன். முதலில் மெல்லமாகத்தான் வந்தது. "வாங்கோ, வாங்கோ. எல்லாரும் வாங்கோ."

ஒல்கா தலையைத் தூக்கினாள். மணி ஒரு தட்டுத் தட்டியது. பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்து வந்தாள். மற்றவை அவளுக்குப் பின்னால். நான் திரும்பி முன்னால் நடந்தேன். முதுகுக்குப் பின்னால் பதினேழு மாடு நடக்கிற சத்தம் எப்படியிருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

தெருக்கரையில் ஒல்கா ஒருமுறை நின்றாள். கரையில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறது, மாடுகளுக்கு அது பள்ளம் போலத் தெரியும். ஒரு தொண்டர் தட்டிவிடக் கையை ஓங்கினார். வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டுத் திரும்பிப் போய் அவள் கழுத்தில் கை வைத்தேன்.

"ஒண்டுமில்லை அம்மா. வெறும் கோடு. வாங்கோ."

குனிந்து கோட்டை மணந்து பார்த்தாள். ஒரு காலைத் தூக்கி வைத்தாள். பிறகு எல்லாம் வந்தன. கார்களுக்குள் இருந்தவர்கள் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார்கள். சுகந்தி பார்த்த வீடியோ அதற்குப் பிறகு, அப்பிள் மரங்களுக்கு நடுவால் ஏறி வரும்போது மதுரா எடுத்தது. அதனால்தான் என் முகத்தில் அவ்வளவு எடுப்பு.

கொட்டில் வாசலில் கடைசிக் கன்னிப் பசு ஒன்று உள்ளே போக மறுத்தது. கன்றுக் கொட்டிலை விட்டுப் பெரிய கொட்டிலுக்கு வருவது அதற்கு இதுதான் முதல் தடவை, இருட்டுக் கதவைக் கண்டு பயந்துவிட்டது. ஹூபர் ஜீப்பை நிறுத்திவிட்டு எங்களுக்குப் பின்னால் நடந்து வந்திருந்தார். என்ன சொல் அது என்று கேட்டார். வா என்பதற்கு மரியாதைச் சொல் என்றேன்.

"மாட்டுக்கா?"

"ஓம். இந்த மாடுகளுக்கு."

அவர் தொப்பியைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். அந்தக் கட்டைக் குரலில், "வங்கோ," என்றார். பசு உள்ளே போனது. மதுரா சிரித்த சிரிப்பில் தடி கீழே விழுந்துவிட்டது.

மதர் பெயர்களைப் பார்த்து ஒவ்வொரு மாட்டின் மேலும் தீர்த்தம் தெளித்தார். பதினேழு. ஒல்காவின் நெற்றியில் இருந்த திருநீற்றின் மேலும் இரண்டு துளி விழுந்தது. பிறகு ஹூபரைப் பார்த்து, திங்கட்கிழமை லொறி வேண்டாம் என்றார். ஹூபர் தலையாட்டினார். நான் தீன் வாளியைக் கவிழ்த்து அதில் இருந்துவிட்டேன்.

6

மேல்மாடிக்கு ஓடினேன். ஷ்வெஸ்டரின் அறை ஜன்னல் காட்டுப் பக்கம் பார்த்தது, அவரால் ஒன்றையும் பார்த்திருக்க முடியாது. தலையணையில் நிமிர்ந்து இருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, மணிச் சத்தம் கேட்டது என்றார். பிறகு ஒவ்வொரு மாடாகப் பெயர் சொல்லிக் கேட்டார். லோட்டே எப்படி நடந்தது, அதன் பின்னங்கால் பரவாயில்லையா, கடைசியாக வந்தது யார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

மதர் நல்லவர், எனக்கு ஒரு தவணை தந்தாரே என்றும் சொன்னேன். ஷ்வெஸ்டர் போர்வையை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"மதர் செப்டம்பரிலேயே ஹூபரிடம் சரி என்று சொல்லியாயிற்று," என்றார். "நான்தான் ஒரு சனிக்கிழமை கேட்டேன். ஃபிரவ் தவராஜா கொண்டுவருவார் என்று சொன்னேன்."

"நான் கொண்டுவராமல் விட்டிருந்தால்?"

"நான் பிழையாகச் சொன்னேன் என்று ஆகியிருக்கும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு மாதமாக நான் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. இவர் மேலே படுத்துக்கொண்டு எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறார். என்னிடம் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே ஷ்வெஸ்டர் என்று கேட்டேன், குரலை உயர்த்தித்தான் கேட்டேன். அந்த அறையில் குரலை உயர்த்தக் கூடாது.

"சொல்லியிருந்தால் நீங்கள் இன்னும் பயந்திருப்பீர்கள்," என்றார். "நீங்கள் பயந்தால் ஜெர்மன் பேசுவீர்கள்."

இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. என் மனுசனுக்கும் தெரியாது இது, எனக்கே தெரியாது. கட்டிலின் கரையில் இருந்து, காலையில் படலையில் நடந்ததைச் சொன்னேன். கொம்ட், கொம்ட் என்று கூப்பிட்டதைச் சொன்னபோது அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிக்க இடுப்பு நொந்தது, நோவோடு சிரித்தார். நானும் சிரித்தேன், அதோடு அழுகையும் வந்தது. மறைக்கவில்லை.

சிரித்து முடிந்ததும், அடுத்த வருஷ விண்ணப்பத்திலும் உங்கள் பெயரையே போடுங்கள் என்றார். அந்தச் சொல்லுக்குள் இருந்தது எனக்கு விளங்கியது. அடுத்த வருஷம் நீங்களே எழும்பி வந்து முன்னால் நடப்பீர்கள் என்று சொல்லப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்பது போல மெல்ல ஒருமுறை அமத்தினார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்து, கறவைக்கு நேரமாகிறது, போங்கள் என்றார்.

கீழே இறங்கிப் போனேன். அன்றைக்குக் கடைசி மாட்டைக் கறந்து முடிக்கும் மட்டும் நான் ஒரு சொல்கூட ஜெர்மன் பேசவில்லை.